கண்ணுக்குப் போன விரல்

மகனே, நீ இருக்கும் குளிர் தேசத்திலும் உன் மீது அல்லாஹ்வின் அமைதி உண்டாகட்டும். வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடத்தில் பேசி முடிக்கக்கூடியதை இந்த மனிதர் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரி வாப்பா, சரி வாப்பா" என்பாய், அதற்குள் யாராவது குப்பூஸ் ரொட்டி கேட்டுக் கடைக்குள் வந்துவிடுவார்கள், பேச்சு பாதியில் நிற்கும். அதனால்தான் இங்கே அஜ்மானில், மத்தியானம் நம் கடையை மூடும் நேரத்தில், பால் வைக்கும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. உன் உம்மாவும் படித்த பிறகுதான் இது உனக்கு வரும். நீ போன வாரம் சொன்ன ஒரு சொல்லுக்குத்தான் இது பதில். "வாப்பா, உங்களுக்கு ஒண்ணுன்னா நான் வருவேன், தொழுவேன், மண்ணு போடுவேன். குளிப்பாட்ட மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. நான் கை வைக்க மாட்டேன்" என்றாய். எனக்கு இருப்பது நீ ஒரே மகன். அதைக் கேட்டதிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. அது கோபத்தால் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் என் காக்கா, உன் பெரிய வாப்பா, மௌத்தாகிக் கண் மூடிய அன்றைக்குத்தான் தொடங்கியது. சவூதியில், தம்மாமில் குளிர்கிடங்கு ஒன்றில் காலமெல்லாம் உழைத்த மனிதர், கடைசியில் மூச்சு வாங்குகிறது என்று வைத்தியத்துக்காக விசிட் விசாவில் நம் வீட்டுக்கு வந்தார். நீயும் கிறிஸ்துமஸ் லீவுக்கு போலந்திலிருந்து வந்திருந்தாய். அவருக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். ஆகவே தம்பி மகனான நீதான் அவருக்கு மகன் ஸ்தானம். அதை அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மையித்தைக் குளிப்பாட்டும் இடத்தில் நானும், குவைத் ஃபர்வானியாவிலிருந்து ஓடி வந்த அவர் மருமகனும், அங்கே வேலை செய்கிற ஒருவரும் நின்றோம். முகத்துணியை விலக்கிவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ உள்ளே வந்தாய், தலைமாட்டில் நின்றாய், கையை நீட்டினாய். பிறகு சூடு பட்டது மாதிரி கையை இழுத்துக்கொண்டு, "நான் வேணாம் வாப்பா" என்று சொல்லி வெளியே போய்விட்டாய். நீ போன பிறகு கதவு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த மருமகன், உன் மச்சான், நல்ல மனிதர், என் மனசு புண்படக் கூடாது என்றுதான் மெதுவாகச் சொன்னார்: "விடுங்க மாமா, பன்னி அறுத்துப் படிக்கிற கையில்லையா, அதான் புள்ள யோசிக்குது. தப்பில்ல." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அது நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன்.

நான் அப்படி நினைத்ததற்குக் காரணம் உனக்குத் தெரியும். நீ மிருக வைத்தியம் படிக்கப் போகிறேன் என்றபோது, நான் ஊரில் எல்லோரிடமும் 'டாக்டருக்குப் படிக்கப் போகிறான்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். யாரும் எந்த டாக்டர் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பலனை நீதான் அனுபவித்தாய். நீ லீவுக்கு வந்தால், சர்க்கரை மாத்திரையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொண்டு நம் பில்டிங் ஆட்கள் ஹாலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நீ விழிப்பாய். உண்மை தெரிந்து குஷியானவர் உன் பெரிய வாப்பா ஒருவர்தான். மூட்டு வலிக் காலை நீட்டி உன் மடியில் வைத்துவிட்டு, "ஒட்டகத்துக்கு முட்டி வலிச்சா என்ன குடுப்ப? அதையே எனக்குக் குடு வாப்பு, நான் ஒண்ணும் அதவிடப் பெரிய ஆளில்ல" என்று சொல்லி இருமி இருமிச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு இன்னும் ஹாலில் இருக்கிறது. அவர் இருந்தவரைக்கும் உன் படிப்பைப் பற்றி நம் வீட்டில் கூச்சமில்லாமல் பேச முடிந்தது.

எனக்கும் உன் உம்மாவுக்கும் அந்தத் தைரியம் இல்லை. அங்கே இரண்டு கால் வைத்தால் பன்றிப் பண்ணை, மூன்றாவது கால் வைத்தால் நாய் என்று நீ சொன்னபோதே நாங்கள் கழுவுவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டோம். நம் மத்ஹபின் சட்டப்படி நாயும் பன்றியும் ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். அதை விட்டுக்கொடுக்க முடியுமா? முதல் லீவுக்கு நீ வரும்போது, பாத்ரூமில் ஒரு வாளியில் மண் தயாராக இருந்தது. அஜ்மானில் ஏழாவது மாடி ஃபிளாட்டில் மண்ணுக்கு எங்கே போவது? செடி விற்கிற கடையில் ஒரு மூட்டை வாங்கி வந்திருந்தேன். நீ பயணக் களைப்போடு, ஒரு வார்த்தை பேசாமல் கையைத் தேய்த்துக் கழுவினாய். கழுவிவிட்டு மூட்டையில் அச்சடித்திருந்ததைப் படித்தாய். "வாப்பா, இதுல மாட்டுச்சாணி கலந்திருக்கு. உரம் போட்ட மண்ணு" என்றாய். சுத்தம் செய்ய வைத்த மண்ணே அசுத்தம்! உன் உம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். போதாக்குறைக்கு அந்த மண் குழாயை அடைத்து, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து சத்தம் போட்டார். நான் மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு பாலைவனம் பக்கம் போய், யாரும் கால் வைக்காத இடமாகப் பார்த்து நல்ல மணல் அள்ளி வந்தேன். நாம் மூன்று பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் நீ மறுபடியும் கழுவும்போது உன் முகத்தை நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளை வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கையைப் பார்க்கிற தகப்பனாக நான் இருந்தது எனக்கே பிடிக்கவில்லை.

ஆகவே உன் பெரிய வாப்பாவை அடக்கம் செய்து, நீயும் போலந்துக்குத் திரும்பிய பிறகு, போன வாரம் நான் நம் கடைக்குப் பின்னால் இருக்கிற பள்ளிவாசல் இமாமிடம் போனேன். மலையாளி, வயதில் சின்னவர், எதையும் சிரித்துக்கொண்டே கேட்பார். "என் மகன் பன்றியையும் நாயையும் தொட்டுப் படிக்கிறான். அவன் கையால் ஒரு முஸ்லிம் மையித்தைக் குளிப்பாட்டலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "காக்கா, கழுகினா கை சுத்தம். படிப்பு கையில ஒட்டுமா? இவிடத்தெ அரபிகளோட மத்ஹபுல நாய் விஷயத்துல நம்மள மாதிரி இத்தர கண்டிப்பே இல்ல. வேட்டை நாயை மடியில வெச்சுட்டு இருக்குற ஆள் வந்து நம்ம பக்கத்துல நின்னு தொழுகுறாரு. உங்க மோனை நிம்மதியா இருக்கச் சொல்லு" என்றார். எனக்குத் தலையிலிருந்து மூட்டை இறங்கியது. அப்போதே பள்ளிவாசல் படியிலேயே உட்கார்ந்து உனக்குப் போன் போட்டேன். ஏதோ பரீட்சையில் நானே பாஸானது மாதிரி, "இமாம் சொல்லிட்டாரு, உன் கை சுத்தம்தான், இனி பயப்படாதே" என்றேன்.  நீ, "அது இல்ல வாப்பா. நான் கைய கழுவிட்டுத்தான் வந்தேன். அதுக்காக நான் வெளிய போகல" என்றாய்.

பிறகு நீ சொன்னதை நான் அப்படியே இங்கே எழுதிப் பார்க்கிறேன். எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று நீதான் சொல்ல வேண்டும். அறுப்புக் கூடத்தில் இறைச்சி சோதிக்கிற பயிற்சி எல்லா மாணவர்களுக்கும் உண்டு. கொக்கியில் தொங்கி நகர்ந்து வருகிற ஒவ்வொன்றின் ஈரலையும் நுரையீரலையும் தடவி, தாடைக்குக் கீழே கீறிப் பார்த்து, நோய் இருந்தால் ஒதுக்க வேண்டும். முதல் நாள் வாந்தி எடுத்தாய். சில நாளில் காதில் பாட்டு கேட்டுக்கொண்டே செய்தாய். அது போகட்டும், வேலை என்றாய். ஆனால் இந்தக் குளிர்காலம் தொடங்கும்போது ஒரு கிராமத்துக்கு உன் டாக்டரோடு போனாயாம். ஒரு கிழவர், மனைவி இல்லாதவர், அவருடைய வயதான குதிரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. இனி அதற்கு வலிதான் மிச்சம் என்று முடிவாகி, டாக்டர் ஊசியை உன்னிடமே கொடுத்தார். கிழவர் அதன் தலையை மடியில் வைத்து அவர்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நீ ஊசி போட்டாய். மூச்சு நின்றதும், உயிர் உண்மையில் போய்விட்டதா என்று பார்க்க, திறந்திருக்கிற கண்ணின் கருவிழியை விரலால் மெல்லத் தொட வேண்டுமாம். இமை அசையாவிட்டால் எல்லாம் முடிந்தது. நீ தொட்டாய், தலையாட்டினாய், ஊசியை மூடி வைத்தாய், அடுத்து எந்தப் பண்ணை என்று டாக்டரிடம் கேட்டாய். காரில் ஏறிய பிறகுதான் அந்தக் கிழவர் அழுதுகொண்டிருந்ததே உனக்கு ஞாபகம் வந்ததாம். "நான் அவரப் பாக்கவே இல்ல வாப்பா. அவரு அங்க இருந்தாருன்னுகூட எனக்குத் தோணல" என்றாய்.

"பெரிய வாப்பா முகத்த நீங்க திறந்தீங்கள்ல, ஒரு கண்ணு சரியா மூடாம இருந்துச்சு. என் விரல் தானா அங்க போச்சு வாப்பா. நான் ஒண்ணும் நினைக்கல. ஆட்டோமேட்டிக்கா போச்சு. என்கிட்ட ஒட்டக மருந்து கேட்டுச் சிரிச்ச ஆளு. குதிரைய செக் பண்ற மாதிரி அவர செக் பண்ணப் போனேன். என் கை என்னவோ ஆயிடுச்சு. உங்களையும் நான் அப்படித்தான் தொடுவேன். வேணாம்." இதையும், நான் முதலில் எழுதிய அந்தச் சொல்லையும் சொல்லிவிட்டு நீ அழுதாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து அன்று வரைக்கும் உன் அழுகையைப் போனில் நான் கேட்டதில்லை. நான் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து, இமாமின் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். நான் தண்ணீரையும் மண்ணையும் தேடி அலைந்தபோது நீ வேறு எதற்கோ பயந்துகொண்டிருந்திருக்கிறாய். "சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். அது உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனது போல ஆகிவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வருகிறது, சொல்கிறேன். உனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் நாம் இருவரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. இங்கே நம் பக்கத்து ஆட்கள் யாராவது இறந்துபோனால், சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாதவர்களாக இருந்தால், ஆள் அனுப்பி என்னையும் இன்னும் சிலரையும் கூப்பிடுவார்கள். லேபர் கேம்ப்பில் தூக்கத்தில் போனவர்கள், ரோட்டில் போனவர்கள், ஆஸ்பத்திரியில் யாருமில்லாமல் போனவர்கள் என்று எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். நீ ஸ்கூல் போகும் வயதில், வாப்பா எங்கே என்று கேட்டால், 'வேலையாப் போயிருக்காக' என்று உம்மா சொல்வாள். அந்த உடம்புகளில் நான் பார்த்த எதையும் வெளியே சொல்லக் கூடாது, அது அமானிதம், நம்மை நம்பி ஒப்படைத்தது. ஆகவே யாரைப் பற்றியும் சொல்ல மாட்டேன். என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் தடவை எனக்கும் உனக்கு வந்தது போலத்தான் குமட்டியது. பிறகு பழகிவிட்டது. குளிப்பாட்டும்போது வயிற்றை மெதுவாக அழுத்த வேண்டும், உள்ளே இருப்பது வந்துவிடட்டும் என்று. அதை எந்த அளவுக்கு அழுத்துவது என்று என் கைக்குத் தெரியும், எனக்கு யோசனை வேண்டாம். ஒரு நாள் அழுத்திக்கொண்டே, கடைக்கு முட்டை லோடு வந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு உன் வயது இருக்கும். கழுவி முடித்து வெளியே வந்து தேநீர் குடித்தேன். தேநீர் நன்றாகத்தான் இருந்தது. அதற்காக நான் என்னை ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை, ஏனென்றால் யோசித்தே பார்க்கவில்லை. நீ சொன்ன பிறகுதான் அந்த முட்டை லோடு எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னொரு நாளும் ஞாபகம் வந்தது. ஒரு டிரைவர், நம் ஜில்லாக்காரர், தன் தகப்பனை விசிட்டில் கூட்டி வந்திருந்தார். தகப்பன் இங்கேயே மௌத்தாகிவிட்டார். மகன் நானே குளிப்பாட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றார். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. கை நடுங்கி நடுங்கிக் கோப்பைத் தண்ணீர் தகப்பன் முகத்தில் மொத்தமாகக் கொட்டியது. திரும்பப் படுக்க வைக்கும்போது பிடி நழுவி, தலை பலகையில் இடித்தது. மையித்துக்கும் வலிக்கும் என்று நாம் நம்புகிறவர்கள். அந்த மகன் அலறிவிட்டார். நான் அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டு, "நீங்க காலப் பிடிச்சுக்கங்க தம்பி, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி, முட்டை லோடு நினைக்கிற இதே கையால் அவர் தகப்பனைத் திருப்பிப் படுக்க வைத்தேன். ஒரு சின்ன இடி இல்லை, ஒரு துளி தண்ணீர் மூக்கில் போகவில்லை. எது பாசம், எது பழக்கம் என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போதும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நீ படித்தவன், உனக்குத் தெரிந்தால் சொல். ஆனால் அந்தக் குதிரைக்காரக் கிழவரிடம் மட்டும் ஒரு தடவை திரும்பப் போய் வா. பாஷை தெரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வா. அதை இன்னும் செய்யலாம், நேரம் இருக்கிறது.

நீ அறியாத செய்தி ஒன்று சொல்ல வேண்டும். நோன்புப் பெருநாள் முடிந்ததும் கடையைக் கைமாற்றிவிட்டு, விசாவைக் கேன்சல் செய்துகொண்டு, நானும் உம்மாவும் ஊருக்குப் போகிறோம். நெஞ்சு டாக்டர், படி ஏறாதே, மூட்டை தூக்காதே, டென்ஷன் ஆகாதே என்கிறார். இது மூன்றும் இல்லாமல் கடை நடத்துவது எப்படி என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பயப்படும்படி இப்போது ஒன்றுமில்லை. ஆனால் வயதாகிவிட்டது என்பதை நானும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். நீ அங்கேயே கிராமத்து மாட்டு டாக்டராக வேலைக்குச் சேரப் போவதாக உம்மாவிடம் சொன்னாயாம். சேர்ந்துகொள். துபாயில் பணக்காரர் வீட்டுப் பூனைக்கு ஊசி போடுகிற கிளினிக்கில் உன்னை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது உண்மை. அது என் ஆசை, நீ அதைச் சுமக்க வேண்டாம். இனி யாராவது கேட்டால் 'என் மகன் மாட்டு டாக்டர்' என்றுதான் சொல்வேன். சொல்லவும் ஆரம்பித்துவிட்டேன்.

ஊருக்குப் போவதில் எனக்கு இருக்கும் சங்கடம் ஒன்றே ஒன்று. இங்கே ஒருவர் இறந்தால் அந்தப் பேப்பர், இந்தப் பேப்பர், போலீஸ், ஆஸ்பத்திரி, விசா கேன்சல் என்று இழுத்தடிக்கும். 'மையித்தை இப்படிக் காக்க வைக்கிறார்களே' என்று நான் கவுண்டருக்குக் கவுண்டர் சத்தம் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தாமதத்தில்தான் பல பேருக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நம் ஊரில் அப்படி இல்லை. காலையில் கண் மூடினால் அஸர் தொழுகை நேரத்துக்குள் மையவாடிக் குழியில் இருப்பேன். எல்லாவற்றுக்கும் தயாராக ஆட்கள் இருக்கிறார்கள். நீ போலந்தில் டிக்கெட் போடுவதற்குள் என் மேல் மண் விழுந்திருக்கும். அடக்கத்தைத் தாமதிக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்தான். அதே நான் போன வெள்ளிக்கிழமை உன் மச்சானுக்குக் குவைத்துக்குப் போன் செய்து, நம் ஊர் ஜமாஅத் ஆட்களுக்கும் சொல்லி வைத்துவிட்டேன்: "எனக்கு ஒண்ணு ஆனா என் மகன் வர்ற வரைக்கும் குளிப்பாட்டாதீக. ஒரு ராத்திரி லேட்டானா ஒண்ணும் குடி முழுகிடாது. அவன் வந்துதான் கை வைக்கணும்." மச்சான், "மாமா, அவன் வருவானா?" என்று கேட்டார். வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

வா. வந்து நில். முகத்துணியை விலக்குவார்கள். அப்போதும் உன் விரல் என் கண்ணுக்குப் போகும். போகட்டும் மகனே, இழுத்துக்கொள்ளாதே. அங்கே கூடியிருக்கிற அத்தனை பேரும் நான் போய்விட்டேன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள். ஒரு தடவையாவது, இருக்கிறேனா என்று பார்க்கப் போகிறவன் நீ ஒருவன்தான். நன்றாகத் தொட்டுப் பார். இமை அசையவில்லை என்றால், நீயே என் கண்ணை மூடிவிட்டு, தண்ணீரை ஊற்று.

உன் வாப்பா